இரண்டாம் மாடிப் பித்தளைக் குமிழ்

நான் அந்தக் கட்டிடத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வெந்நீர் கொட்டி வலது உள்ளங்கை பொத்துப்போனது. வெளியே தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வந்துவிட்டேன். அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை வந்தால் பன்னிரண்டு மாடிப் படிக்கட்டில் இருக்கும் பித்தளைக் குமிழ்கள் அத்தனைக்கும் நான்தான் பாலிஷ் போட வேண்டும். கைப்பிடி திரும்பும் மூலையில், மாடிக்கு ஒன்றாக, பிள்ளைகள் விளையாடும் பந்தளவுக்கு இருக்கும் அந்தக் குமிழ்கள்.

கடவுளே காப்பாற்று என்று சொல்லிக்கொண்டு முதல் மாடிக் குமிழில் துணியை வைத்தேன். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. இரண்டாம் மாடியிலும் அப்படியே. மூன்றிலும் அப்படியே. பன்னிரண்டு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் யாரோ முடித்து வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வேலைக்கு வந்தவர் மேலே படி கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி வருது, ஒதுங்கு" என்று மட்டும் சொன்னார்.

மூன்று சனிக்கிழமை அப்படி நடந்தது. கை ஆறி நான்காம் சனிக்கிழமை வந்தபோது குமிழ்கள் மங்கலாகவே இருந்தன. என் கை ஆறியது அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ! நன்றி சொல்லப் போனேன். "எதுக்கு? யாருக்கு? போய் வேலையைப் பாரு" என்று விரட்டிவிட்டார். அவருக்கு நன்றி சொன்னால் பிடிக்காது என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பதினோரு வருஷம் கழித்து அந்தப் பேசாமைதான் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

எங்கள் வேலை முறையைச் சொன்னால்தான் இது விளங்கும். அந்தக் கட்டிடம் முழுக்க அலுவலகங்கள். லிப்ட் உண்டு, ஆனால் காவலாளி எட்டு மணிக்குத்தான் அதற்குச் சாவி போடுவார். அக்கா ஐந்தரைக்கு வருவார். காலி வாளி, மாப், சோப்புத் தண்ணீர் டப்பா மூன்றையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டாம் மாடிக்கு ஏறுவார். குழாய் அங்கே இருக்கிறது. அங்கிருந்து கழுவிக்கொண்டே கீழே இறங்குவார். நான் ஆறு மணிக்கு வந்து, கீழிருந்து கைப்பிடியையும் ஜன்னலையும் துடைத்துக்கொண்டே மேலே ஏறுவேன். ஏழாம் மாடி ஜன்னலருகே இருவரும் சந்திப்போம். அவர் ஃப்ளாஸ்கில் டீ இருக்கும். குடித்துவிட்டு அவர் கீழே போவார், நான் மேலே போவேன்.

அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்ததே அந்தக் காவலாளி அண்ணன்தான். எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் பன்னிரண்டு மாடியும் ஏறிவிடுவார். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. "எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சு, வழி விடுங்க" என்பார் அண்ணன். "டிக்கெட் இல்லாம யாரும் பின்னாடி வரக்கூடாது" என்று அக்கா மேலேயிருந்து கத்துவார்.

எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண் எப்போதும் எங்கள் காலில்தான் இருக்கும். "நிக்கிற காலுக்கு இங்க வேலையில்லை" என்பார், தினமும் சாமி மந்திரம் மாதிரி. அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மூச்சு வாங்க நின்றாலும் சும்மா நிற்க மாட்டோம். கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும். கால் நின்றாலும் கை நிற்காது.

அக்காவுக்கு ஐம்பத்தொன்றில் மாதவிலக்கு நின்றது. அடுத்த வருஷம் எனக்கும் தாறுமாறாக வர ஆரம்பித்தது. வாசல் கூடத்தைத் துடைக்கும் பாட்டுக்காரிக்கும் அதே வயது. பாட்டுப் பாடாமல் அவளுக்கு மாப் நகராது. மூவரும் டீ குடிக்கும்போது திடீரென்று ஒருத்தி முகம் சிவந்து, குப்பை முறத்தை எடுத்து விசிறிக்கொள்வாள். "எஞ்சின் சூடாயிடுச்சுடி" என்று நாங்கள் சிரிப்போம். "சூடானாத்தான்டி வண்டி ஓடும்" என்பார் அக்கா. இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்கு அந்தச் சூடு அடங்கிவிட்டது. "அப்பாடா, இனி ஒரு தொல்லையும் இல்லை, நான் ராணி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்த வருஷம். ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "ஒன்பதாம் மாடிக் குமிழ்ல முகம் பார்க்கலாம் போல இருக்கே! நல்ல வேலை" என்றார். அந்த வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அமாவாசையில் நிலா வருவது மாதிரி. வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் குமிழை மட்டும் நான் விசேஷமாகத் தேய்க்கவில்லை. போய்ப் பார்த்தேன், மின்னத்தான் செய்தது. அக்காதான் பழையபடி எனக்குத் தெரியாமல் உதவி செய்கிறார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு முழங்கை வலி வேறு. தெரிந்துகொண்டுதான் செய்கிறார், மகராசி! அன்று இரவு அவருக்காகக் கடவுளிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னேன். அவரிடம்தான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் விரட்டுவாரே.

அடுத்த வாரம் ஆறாம் மாடிக் குமிழும் மின்னியது. அதற்கடுத்து நாலாம் மாடி.

இன்னொன்றும் நடந்தது. ஏழாம் மாடியில் சந்திக்க வேண்டிய நாங்கள் எட்டில் சந்தித்தோம். பிறகு ஒன்பதில். எனக்கு ஒரே பெருமை. "அக்கா, பார்த்தீங்களா, எனக்கு வேகம் வந்துடுச்சு. நீங்க எக்ஸ்பிரஸ்னா நான் விமானம்" என்று பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். பல்வலியாம். கன்னத்தில் கிராம்பை ஒதுக்கி வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "சூடு திரும்பி வந்துடுச்சுடி, சாமியாரம்மா" என்றார். நான் எதற்கெடுத்தாலும் கடவுளைக் கூப்பிடுவதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது. நானும், பாவம், ராணிக்குப் பழைய தொல்லை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் விமானத்தை ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னையே கிள்ளிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை காலை. இரண்டாம் மாடிக்கு வந்தேன். அங்கேயும் குமிழ் மின்னியது. துடைக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கம்தான் மின்னியது!

பதினோரு வருஷமாகக் குமிழ் தேய்க்கிறவள் நான். பாலிஷ் போடுகிறவர்கள் சுற்றித் தேய்ப்பார்கள், குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. இங்கே அப்படி இல்லை. மேலே ஏறி வருகிறவர்கள் உள்ளங்கை வைத்துப் பிடிக்கிற பக்கம் மட்டும் கண்ணாடி. மறுபக்கம் மங்கல். இது உதவி செய்த கை இல்லை. இது நின்ற கை. நின்றுகொண்டு, நிற்பது தெரியாமல் இருக்கத் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்த கை. ஒன்பது, ஆறு, நாலு, இரண்டு. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் வண்டியாகிவிட்டது! வாரத்துக்கு வாரம் கீழே இறங்கி இறங்கி நிற்கிறது! எனக்கு வேகம் வரவில்லை, அவர் மேலே போய்ச் சேரவே நேரமாகிறது!

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாழ்நாளில் அப்படி நான் படி ஏறியதில்லை. நாலு, ஐந்து, ஆறு. எட்டாம் மாடியில் அக்கா நின்றிருந்தார். வாளி பக்கத்தில் காலியாக இருந்தது. இன்னும் மேலேயே போய்ச் சேரவில்லை. கண் மூடியிருந்தது, முகம் சாம்பல். ஆனால் வலது கை மட்டும் குமிழைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஐயோ, அந்தக் கை!

"அக்கா!"

கண்ணைத் திறந்தார். "என்னடி இவ்வளவு சீக்கிரம்? விமானம் தரையிறங்கிடுச்சா?"

"என்ன பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. சூடு. அந்தச் சூடுதான்."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வியர்வை ஐஸ் மாதிரி இருந்தது. "சூடுன்னா உடம்பு கொதிக்கும், நமக்குத் தெரியாதா? இது சில்லுன்னு இருக்கே அக்கா."

"பல்லுவலிடி. ராத்திரி தூங்கல."

"ராத்திரி வலிச்சுதா?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. "இல்ல. ராத்திரி வலிக்கல. படி ஏறினா வலிக்குது. நின்னா போயிடுது."

"படி ஏறினா மட்டும் வலிக்கிற பல்லு எந்த வாயில இருக்கு? நெஞ்சு அக்கா, இது நெஞ்சு!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நெஞ்சு வலின்னா எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் என் கண்ணு முன்னாடி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். எனக்கு நெஞ்சுல ஒரு எறும்பு கடிச்ச வலிகூட இல்ல. அது ஆம்பளைங்க நோய். பொம்பளைக்கு ஏதுடி நெஞ்சு வலிக்க நேரம்? சூப்பர்வைசர் காதுல போட்டுடாதே. படியிலேருந்து இறக்கிட்டா வீட்டுக்கு அனுப்பிடுவார். உன் சாமி மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். சூப்பர்வைசரிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் பண்ணினேன். டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்று பண்ணவில்லை.

ஆனால் இவரை டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது? தனக்காக ஒரு அடி எடுத்து வைக்கிற ஆளே இல்லை. கடவுளே, வழி காட்டு என்று நினைத்தபோதுதான் என் நெஞ்சு தடதடவென்று அடிப்பது எனக்கே கேட்டது. ஆறு மாடி ஓடி வந்திருக்கிறேனே! அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ணை இருட்டுது. பயமா இருக்கு."

முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்குக்கு அப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவ்வளவுதான். வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "எழுந்திருடி. மெல்ல. முகமெல்லாம் வேர்த்திருக்கு பாரு. அடுத்த தெருவுல பொம்பளைங்க ஆஸ்பத்திரி ஏழு மணிக்குத் திறந்துடும்." கீழே வந்து காவலாளி அண்ணனிடம், "இவளுக்கு உடம்பு சரியில்ல, யார் கேட்டாலும் என்கூட வந்திருக்கான்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழியில் இரண்டு இடத்தில் அவர்தான் நின்றார். நின்றதற்குக் காரணமாக என்னைத்தான் சொன்னார்: "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோடி."

ஆஸ்பத்திரியில் முதல் ஆள் நாங்கள்தான். நர்ஸ் என் கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, புருவத்தைத் தூக்கினாள். "ஓடி வந்தீங்களா? பத்து நிமிஷம் உட்காருங்க." பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தாள். நூற்று அறுபதுக்கு நூறு. "எப்பலேருந்து பிரஷர்?" என்றாள்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் சும்மா…"

"சும்மாவா? உங்களுக்குப் பிரஷர் இருக்கு."

பொய் சொல்லப் போன இடத்தில் உண்மை காத்துக்கொண்டிருந்தது. கடவுளுக்கு நகைச்சுவை அதிகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அக்கா என்னை ஜெயித்த மாதிரி பார்த்தார். "நான் சொல்லல? முகத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சேன்!"

டாக்டரம்மா அறைக்குள் போனோம். நாற்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். "டாக்டரம்மா, என்னை அப்புறம் பாருங்க. முதல்ல இவங்களைப் பாருங்க. இவங்க ஒன்பதாவது மாடியில நின்னாங்க. அப்புறம் ஆறு. அப்புறம் நாலு. இன்னிக்கு ரெண்டு."

"ஏய்!" என்றார் அக்கா.

டாக்டரம்மா தேடுவதை நிறுத்தினார். "மறுபடி சொல்லுங்க."

குமிழ் கதை முழுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மின்னியதைச் சொன்னேன். தாடை வலியைச் சொன்னேன், ஐஸ் வியர்வையைச் சொன்னேன். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"எத்தனை நாள்ல ஒன்பதிலேருந்து ரெண்டுக்கு வந்துச்சு?"

"இருபது நாள் இருக்கும்."

"இந்தக் கணக்கை யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கலம்மா. குமிழ் எடுத்துச்சு."

அக்காவைப் படுக்க வைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு மாத்திரையை மென்று தின்னச் சொன்னார்கள். டாக்டரம்மா போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். "நாளைக்கு இல்ல, இப்பவே" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா படுத்தபடியே என்னை முறைத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை முறைத்துக்கொண்டே வந்தார். கதவு சாத்தும்போது, "ஏமாத்திட்டியேடி, சாமியாரம்மா! நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்!" என்றார்.

"இப்ப நிஜமாவே அடிக்குது அக்கா!" என்று கத்தினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானமே சிகிச்சை முடிந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்ததாம். மணிக்கட்டு வழியாக மெல்லிய ஒயரை விட்டு, அடைத்த இடத்தில் சின்னக் கம்பி வலையை விரித்து வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் படி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வராந்தாவில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் கிடைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். கூடவே பாட்டுக்காரியையும் இழுத்துக்கொண்டு போனேன். "என்னை எதுக்குடி, நான் பாடிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"மாதவிலக்கு இருக்கிற வரைக்கும் உடம்புல ஊறுற ஒரு சுரப்பு ரத்தக் குழாய்க்குக் கொஞ்சம் காவல் நிக்கும். அது நின்னப்புறம் அந்தக் காவல் குறைஞ்சிடும். பிரஷர், கொழுப்பு, சக்கரை எல்லாம் சத்தமில்லாம ஏறும்."

"எங்க காவலாளி அண்ணன் மாதிரி" என்றார் அக்கா. "இருக்கிற வரைக்கும் தூங்குறார்னு திட்டுவோம். லீவு போட்ட அன்னிக்குத்தான் அருமை தெரியும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். அதோட, பொம்பளைங்களுக்கு எப்பவும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழற மாதிரி வராது. சில பேருக்குத் தாடை வலி, முதுகு வலி, குமட்டல். சில பேருக்கு மூச்சு வாங்கும். இல்லன்னா காரணமே இல்லாம அசதி. வேலை செஞ்சா வந்து, உட்கார்ந்தா போகுதுன்னா காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்தும் போகலன்னா அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ்."

பாட்டுக்காரி கை தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "அந்தச் சுரப்பை மாத்திரையா முழுங்கிட்டா காவல் திரும்பி வந்துடாதா?"

"நெஞ்சுக் காவலுக்காக மட்டும் அதைக் குடுக்கிறதில்லை. சூடு தாங்க முடியலன்னா வாங்க, யாருக்கு ஒத்துக்கும்னு பார்த்துச் சொல்றேன். நெஞ்சுக்குக் காவல் நாமதான் போடணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதையெல்லாம் அளந்து பாருங்க. உப்பைக் குறைங்க. நடங்க. நல்லா தூங்குங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க."

"நடக்கிறதா? நாங்க பன்னிரண்டு மாடி ஏறுறவங்கம்மா" என்றேன்.

"அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது. உட்கார்ந்தே இருந்திருந்தா அந்தக் குமிழ் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார். பாட்டுக்காரிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பாடவே இல்லை.

இரண்டு மாதம் அக்கா ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்துக்குப் போனார். "எங்கேயும் போகாத சைக்கிள்ல உட்கார வெச்சு மிதிக்கச் சொல்றாங்கடி, வீடு வந்து சேரவே மாட்டேங்குது" என்பார். பிறகு வேலைக்கு வந்தார். சூப்பர்வைசர் வாசல் கூடத்தைக் கொடுத்தார். அக்கா ஏற்றுக்கொண்டார், ஆனால் துடைக்கும்போதெல்லாம் கண் படிக்கட்டில் இருக்கும். டாக்டர்கள் மெல்ல மெல்லப் படி ஏறலாம் என்று சொல்லியிருந்தார்கள். வலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும், நாக்கடியில் வைக்கிற மாத்திரை மடியில் இருக்க வேண்டும். முதல் வாரம் ஒரு மாடி. அடுத்த வாரம் இரண்டு. ஒவ்வொரு திங்களும் காவலாளி அண்ணன், "எக்ஸ்பிரஸ் இன்னிக்கு எந்த ஸ்டேஷன் வரைக்கும்?" என்று கேட்பார். நாங்கள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்போம்.

பதினொன்று வரை வந்ததும் அக்கா சூப்பர்வைசரிடம் போனார். "சார், படி எனக்கு வேணும்."

"நிக்காம ஏறினாத்தான் படி. வழியில எதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்" என்றார் அவர்.

"நின்னுதான் ஏறுவேன். கூட வந்து பாருங்க."

அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நானும் பாட்டுக்காரியும் பின்னால், அதற்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்தபடி சூப்பர்வைசர். முன்னால் எக்ஸ்பிரஸ், வாளியோடு. நாலாம் மாடியில் அக்கா நின்றார். வாளியைக் கீழே வைத்தார். கை இடுப்புத் துணிக்குப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. இரண்டு கையையும் சும்மா தொங்கவிட்டு, சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகத் திரும்பி, நின்றார். அந்தக் கட்டிடத்தில் ஒருத்தி சும்மா நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை! எண்ணிப் பார்த்து இருபது மூச்சு விட்டார். வாளியைத் தூக்கினார். "வலி இல்ல. வாங்க."

ஏழாம் மாடிக்கு வந்தோம். பின்னால் புஸ் புஸ் என்று சத்தம். திரும்பினால் சூப்பர்வைசர்! எட்டு மணிக்குப் பிறகு லிப்டில் வருகிற ஆள், படி ஏறி எத்தனை வருஷமோ. முகம் செக்கச் சிவப்பு, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையால் குமிழைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், என்னவோ தூசி இருக்கிற மாதிரி, கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்காரி என் இடுப்பைக் கிள்ளினாள். "நிக்கிற காலுக்கு…" என்று ஆரம்பித்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா இரண்டு படி இறங்கி வந்தார். "நில்லுங்க சார். கையை விடுங்க, தூசி எங்கேயும் போகாது. நானும் நிக்கிறேன்."

நான்கு பேரும் நின்றோம். பிறகு அக்கா படியில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவரும் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே வெயில் வந்து எல்லார் காலிலும் விழுந்தது. ஃப்ளாஸ்கிலிருந்து முதல் டீயை அக்கா அவருக்குத்தான் ஊற்றினார்.

பன்னிரண்டாம் மாடியில் அக்கா குழாயைத் திறந்ததும் தண்ணீர் வாளியில் விழுந்த சத்தம் இருக்கிறதே, எனக்கு அது கோயில் மணி. பாட்டுக்காரி அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டாள். கீழேயிருந்து காவலாளி அண்ணன் விசில் அடித்தார், நிஜ ரயில் தோற்றது. அடுத்த வாரம் நாலாம் மாடியிலும் எட்டாம் மாடியிலும் ஒரு பெஞ்சு வந்தது. யார் போட்டது என்று கேட்டால் சூப்பர்வைசர், "எதுக்கு? யாருக்கு? போய் வேலையைப் பாருங்க" என்றார். அதை எங்கே கற்றுக்கொண்டாரோ! அவரும் நெஞ்சைச் சோதித்துக்கொண்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

அக்கா இன்னும் மூன்று வருஷம் அந்தப் படியைக் கழுவினார். அறுபது நெருங்கியதும் வெளியூரில் இருக்கும் மகள் கூடவே வந்துவிடச் சொன்னாள். போக மனமில்லை. ஆனால் மகளுக்கும் வயது ஏறுகிறது, பிரஷரை அளந்து பார் என்று அவளுக்கு யார் சொல்வார்கள் என்று கிளம்பிவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார வைத்து, மாத்திரைப் பையை மடியில் வைத்தேன். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை, பரபரவென்று இருந்தார், பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற பிள்ளை மாதிரி. பஸ் உறுமியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இறங்கவும் ஏறவும் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"ஏ சாமியாரம்மா! காலையில பிரஷர் மாத்திரை போட்டியா? தலையை ஆட்டாதே, வாயைத் திறந்து சொல்லு! …சரி. இங்க பாரு, படியில மூச்சு வாங்கினா நில்லு. கையில துணி வேண்டாம், சும்மா நில்லு. யாராவது ஏன்டி நிக்கிறேன்னு கேட்டா, எக்ஸ்பிரசே நின்னு நின்னுதான் போச்சு, ஆனா போய்ச் சேர்ந்துச்சுன்னு சொல்லு!"